கண்மாய்க் கரையை அலை தின்ற ஆடி

போன மாதம் பொதுப்பணித் துறையில் எங்கள் செக்சனுக்கு மாறுதலாகி வந்திருக்கும் உதவிப் பொறியாளர் அம்மா சிலமலையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். "எங்கள் செக்சன்" என்று நான் சொன்னால் என் மகன் சிரிப்பான். ஓய்வு பெற்று இத்தனை வருசமாகியும் எனக்கு அது எங்கள் செக்சன்தான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

அந்த அம்மா இதற்கு முன் கடலோரத்தில் வேலை பார்த்தவர். போனைத் திறந்து வரிசையாகப் படம் காட்டினார். அலை அடித்து அடித்துச் சுவர் மாதிரி செங்குத்தாக அறுத்து விட்ட கரை. அதன் அடியில் குடைந்த பொந்து. முன்னால் தண்ணீருக்குள் தட்டையாக ஒரு மேடை. இன்னும் தள்ளிப்போய், ஆற்று முகத்தை மறித்தபடி நீண்டு கிடக்கும் மணல் நாக்கு. கடலரிப்பு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று புரிந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதெல்லாம் நம் வெள்ளையம்மா கண்மாயிலேயே நான் பார்த்தாயிற்று என்றேன். அவர் மரியாதைக்காகச் சிரித்தார். நம்பவில்லை.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அந்தக் கண்மாய்க் கரையை ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சி போகிற மாதிரி அழகாக்கப் போகிறார்களாம். வேலைப் பட்டியலை நீட்டினார். முதல் வரியே "கரையிலுள்ள செடி கொடிகளை அகற்றுதல்". எனக்குச் சுருக்கென்றது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அந்த அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறபோது எனக்குப் பெருமையான பகுதியும் வரும், பெருமை இல்லாத பகுதியும் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கடலில் வந்தால் அலை, கண்மாயில் வந்தால் வேறு ஏதோ என்று நினைப்பது தப்பு. காற்று தண்ணீரைத் தள்ளினால் அலை. எவ்வளவு தூரம் தடையில்லாமல் தள்ளுகிறதோ அவ்வளவு பெரிய அலை. போடிக்கு மேற்கே மலை. ஆடி மாதம் அந்த மலையைத் தாண்டி இறங்குகிற காற்று, தெருவில் நடக்கிற ஆளின் வேட்டியை இரண்டு கையாலும் பிடிக்க வைக்கும். நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு மேற்கே திறந்த தண்ணீர், கிழக்கே கரை. காற்று மொத்தமும் அந்தக் கரையின் உள்முகத்தில்தான் வந்து மோதும். கடல் ஆயிரம் வருசத்தில் செய்வதைக் கண்மாய் ஒரு ஆடியில் செய்து காட்டும். பாறைக்குப் பதிலாக இங்கே மண், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பொதுப்பணித் துறையில் மஸ்தூராக, அதாவது தினக்கூலியாகச் சேர்ந்தபோது எழுபதுகள் தொடங்கியிருந்தன. அளவுச் சங்கிலி பிடித்தேன், மட்டப்பலகை தூக்கினேன், வெயிலில் கறுத்தேன். குரங்கணிப் பக்கம் ஓடைகளில் தடுப்புச் சுவர் கட்டும் வேலையில் இரண்டு வருசம் ஏலத்தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்கினேன். அட்டைக்கடியில் கால் ரத்தமாகும். பிறகு வொர்க் இன்ஸ்பெக்டர் ஆக்கிச் சமவெளிக் கண்மாய்களைப் பார்க்கச் சொன்னார்கள். படித்த படிப்பெல்லாம் இவ்வளவுதான். மீதியைச் சொல்லிக் கொடுத்தவர் செக்சன் ஆபீசர் வைத்திலிங்கம் சார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மஸ்தூரைக்கூட "நீங்க" என்றுதான் சொல்வார். அந்த மரியாதைக்கே எல்லோரும் பயப்படுவோம். திட்டுகிற அதிகாரியிடம் திட்டு வாங்கினால் கணக்கு முடிந்தது. இவர் "ஏன் இப்படி ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பார். பதில் வருகிற வரை நிற்பார். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். கரையில் நடந்துகொண்டே உடைத்துத் தின்று, தோலை அங்கங்கே தண்ணீரில் போடுவார். ஒரு வருசம் வரை அதை நான் வெறும் பழக்கம் என்றே நினைத்தேன். ஒருநாள் தோலைப் போட்ட இடத்திலேயே நின்று, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கச் சொன்னார். நேராகக் கரைக்கு வரவில்லை. கரையை ஒட்டியபடியே வடக்கு நோக்கி ஊர்ந்தது. காற்று சற்றுத் தென்மேற்காக வருவதால் அலை சாய்வாக மோதுகிறது, அதனால் கரையோரத்தில் மிதப்பதும் மணலும் வடக்கே போகிறது என்று விளக்கினார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அவருடைய இன்னொரு வேலை முறை குச்சி. கோடையில் தண்ணீர் வற்றியதும் கரையின் உள்சரிவில், பத்துத் தப்படிக்கு ஒன்றாக, மூங்கில் குச்சிகளை மண்ணோடு மண்ணாகத் தலை மட்டும் தெரிய அடித்து இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயிண்டில் எண். தண்ணீர் ஏறிய பிறகு தினமும் காலையில் போய், எந்தக் குச்சி எத்தனை விரல் வெளியே தெரிகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். வெளியே தெரிகிற அளவுதான் அலை தின்ற மண். "கண்ண நம்பாதீங்க முத்தையா, குச்சிய நம்புங்க" என்பார். கரையைத் தினமும் பார்க்கிறவனுக்கு அது தேய்வது தெரியாது, அதுதான் காரணம்.

குச்சி நோட்டு எனக்குக் கற்றுக் கொடுத்ததைச் சொல்கிறேன். அலை கரை முழுவதையும் ஒரே மாதிரி தின்பதில்லை. தண்ணீர் மட்டத்தில் மட்டும் கடிக்கும். முதலில் ஒரு விரல் ஆழத்துக்கு ஒரு கோடு. பிறகு அது கைநுழைகிற பொந்து. மேலே இருக்கும் மண் கொஞ்ச நாள் அந்தரத்தில் நிற்கும். பிறகு பொத்தென்று விழும். விழுந்த மண்ணே இரண்டு நாள் கரைக்குக் காவலாக இருக்கும். அலை அதைக் கரைத்து, சேற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மணலை ஓரமாக நகர்த்தி, சரளையை அப்படியே விட்டுவிட்டுப் போகும். அந்தச் சரளை கிடக்கிற தளம்தான் மேடை. தண்ணீர் ஏறாமல் இருந்தால் அலை அந்த மேடையில் உடைந்து சோர்ந்துபோகும், கரை பிழைத்தது. தண்ணீர் ஏறினால் மேடை முங்கிவிடும், கடி மேலே புதிதாகத் தொடங்கும். கரை எங்கே தண்ணீருக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறதோ அந்த இடத்துக்குத்தான் அடி அதிகம். இரண்டு பக்கத்து அலையும் வளைந்து அங்கேதான் வந்து சேரும். உள்வாங்கிய இடத்தில் மணல் தங்கும்.

பின்னால் ஒருமுறை வீட்டுக்காரியோடு திருச்செந்தூர் போனேன். கோயிலை ஒட்டிக் கடல் அறுத்த பாறையைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. பொந்து எந்த உயரத்தில் இருக்கிறது, விழுந்த துண்டு எங்கே கிடக்கிறது, மணல் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "சாமி கும்பிட வந்தீகளா, கரை பாக்க வந்தீகளா?" என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இனி வெள்ளையம்மா கண்மாய்க்கு வருகிறேன். அதன் கரையில் தெற்குப் பாதிக்கு மட்டும்தான் கல் பதித்திருந்தது. கல் பதிப்பது என்றால் கொட்டிவிட்டுப் போவதில்லை. அடியில் கால்வைத்து நிற்க ஒரு பள்ளம் வெட்டி, சரளை பரப்பி, கல்லின் நீளப் பக்கம் கரைக்குள் போகிற மாதிரி கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். வைத்திலிங்கம் சார் குதிகாலால் மிதித்துப் பார்ப்பார், ஆடினால் அந்த வரிசையே பிரியும். வடக்குப் பாதிக்குக் கல் கேட்டு எழுதிய காகிதம் மேலே எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பாதிதான் முட்டிக்கொண்டு நிற்கிற பாதி. மடையும் அதற்கு வடக்கேதான் இருந்தது. கரைக்கு நேர் கீழே ஒரு தெரு, அதைத் தாண்டி வயல்.

கல் இல்லாத கரையை அத்தனை வருசம் காப்பாற்றியது நொச்சியும் நாணலும். அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி பெருமாள். மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிற ஆள். அவர் அப்பாவும் தாத்தாவும் அதே வேலை செய்தவர்கள். வருசா வருசம் தண்ணீர் இறங்கியதும் நீரோரத்தில் நொச்சிக் குச்சி நடுவது அவர் வீட்டு முறை. அதற்கு முன்னால் தண்ணீருக்குள் நாணல் தானாக அடர்ந்து நிற்கும். அங்கே மாடு விடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஆடியில் அலை சீறிக்கொண்டு வந்து நாணலுக்குள் நுழைந்து, நொச்சி வேரில் வந்து நாக்கை நீட்டி நக்கிவிட்டுப் போகும். அந்த இடத்துக் குச்சிகள் என் நோட்டில் எப்போதும் பூஜ்யம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரையில், செயற்பொறியாளர் பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. கரையைச் சுத்தமாக வையுங்கள் என்று வைத்திலிங்கம் சார் சொல்லிவிட்டு மதுரைக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானாக நினைத்துக்கொண்டேன். கரையில் மரம் செடி வளர விடக்கூடாது என்று விதி இருக்கிறது. அது கரையின் மேலேயும் வெளிச்சரிவிலும் வேர்விட்டு மண்ணைத் துளைக்கிற மரங்களுக்கான விதி. ஏன் அந்த விதி என்று நான் யோசிக்கவில்லை. பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கும்போது கரை சீவிவிட்ட தலை மாதிரி பளிச்சென்று தெரிய வேண்டும், அதைப் பார்த்து அவர் யார் இந்த வேலையைப் பார்த்தது என்று கேட்க வேண்டும். என் மண்டையில் ஓடியது அதுதான்.

வீரபாண்டித் திருவிழா நேரம். ஊரே கிளம்பிப் போயிருந்தது. போடியிலிருந்து பத்து மஸ்தூர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமாள் மட்டும் கரையில் இருந்தார். கரைமேலிருந்த முள்ளை வெட்டும்வரை அவரும் கூட நின்று உதவி செய்தார். அரிவாள் நொச்சிப் பக்கம் இறங்கியதும் குறுக்கே வந்து நின்றார்.

"சார், மேல இருக்கிறத எல்லாம் வெட்டுங்க, வேணாங்கல. தண்ணி ஓரத்து நொச்சியத் தொடாதீங்க. ஆடியில கம்மாய்க்கு அதான் சட்டை."

"ரூலு இருக்கு பெருமாளு. ஆபீசர் வர்றாரு. வெரசா முடிக்கணும், தள்ளு."

அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்படித்தான் பேசினேன். சாயங்காலத்துக்குள் நொச்சியும் நாணலும் தரைமட்டம். அறுத்த நாணல் குவியலாகக் கிடந்தது. அதை அப்படியே விட்டால் ஆபீசர் கண்ணில் படும் என்று, உங்கள் கூரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருமாளிடம் நான்தான் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கட்டிக் கொடுத்தேன். மனசுக்குள் தாராளமாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு.

செயற்பொறியாளர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போனார்.

ஆனிக் கடைசியில் மலையில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் தூறல்கூட இல்லை. தினமும் விடியலில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் நனைந்த சேறோடு திரும்பி வரும். மேலே விட்டபாடில்லை, ஓடையெல்லாம் முட்டிக்கொண்டு வருகிறது என்று டிரைவர்கள் சொன்னார்கள். வழக்கமாக ஆடியில் எங்கள் கண்மாய் பாதிக்கும் கீழே கிடக்கும், காற்று அடித்தாலும் அலை கரையின் காலைத்தான் தொடும். அந்த வருசம் ஆடி பிறக்கும்போதே கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகாலில் வழிந்து போனது. நிறைந்த தண்ணீர், ஆடிக்காற்று, மொட்டைக் கரை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதல் நாள் முட்டுப் பகுதிக் குச்சிகள் நான்கு விரல் வெளியே வந்தன. மறுநாள் ஒரு சாண். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆறு குச்சிகளைக் காணவே காணோம். அவை நின்ற இடமே இல்லை. கரை ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக அறுபட்டு நின்றது. மேலே வண்டித்தடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. கீழே தெருவில் பெண்கள் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவைக் காலி செய்து மேட்டுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

மறுகால் எவ்வளவு போனாலும் நிறைமட்டத்துக்குக் கீழே தண்ணீரை இறக்காது. மடையைத் திறந்தால்தான் இறங்கும். பெருமாள் மடையை முழுசாகத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் வாய்க்காலில் வருகிற தண்ணீர் கைவிரல் கனம்தான் இருந்தது. அவர் மூழ்கிப் பார்த்துவிட்டு எழுந்து, மடைவாயை மணல் மூடிக்கிடக்கிறது என்றார். கூடையோடு ஆறேழு பேர் இறங்கி அள்ளினோம். ஒரு மணி நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி அள்ளினோம், மறுபடி மூடியது. எங்கிருந்துதான் இவ்வளவு மணல் வருகிறது என்று எல்லோரும் மலைத்துப்போய் நின்றார்கள்.

எங்கிருந்து வரும்? எல்லாம் எங்கள் கரை மண்தான். முட்டுப் பகுதியில் அறுபட்டது, அலையோடு சாய்ந்து சாய்ந்து வடக்கே நகர்ந்து, மடைவாய்க்குக் குறுக்கே ஒரு நாக்காக நீண்டுவிட்டது. கரையைத் தின்று, தின்ற மண்ணாலேயே வாயையும் அடைத்திருக்கிறது.

கரைக்கு ஊர் திரண்டு வந்துவிட்டது. கண்மாய்ப் பாசன விவசாயிகளின் ஆயக்கட்டுத் தலைவர் குருசாமி, பெருமாளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"கம்மா நாணல அறுத்து ஒன் வீட்ட மேஞ்சுக்கிட்டே. இப்ப ஊரு போகுதுடா, பெருமாளு."

பெருமாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கிக்கொண்டு, முள்ளுக்கட்டு எங்கே, சாக்கு எங்கே என்று கத்தினேன். வேலை தலைக்குமேல் கிடக்கிறது, பேச இது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

வேலையைச் சொல்கிறேன், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மடைக்குத் தெற்கே இருபது தப்படியில், முந்தினநாள் யாரோ அவசரத்தில் வீசிய ஒரு முள்ளுக்குவியல் தண்ணீரில் கிடந்தது. அதன் தெற்குப் பக்கத்தில் மணல் முழங்கால் உயரம் ஏறியிருந்தது. வடக்குப் பக்கம் சுத்தம். பார்த்ததும் கடலைத் தோல் ஊர்ந்தது ஞாபகம் வந்துவிட்டது. மணலை மடைவாயில் அள்ளுவது வெட்டிவேலை, வருகிற வழியில் மறிக்க வேண்டும். கரையிலிருந்து தண்ணீருக்குள் நேராக, இருவரிசை சவுக்குக் கம்பு அடித்து, நடுவே முள்ளும் சாக்கும் திணிக்கச் சொன்னேன். அலைக்கு எதிரே போட வேண்டியதைப் போய் அலைக்கு ஓரமாகப் போடுகிறானே, இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று குருசாமி சத்தம் போட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு ஆள் கம்பைப் பிடிக்க ஒரு ஆள் அடிக்க, பெருமாள்தான் முன்னால் கழுத்தளவு தண்ணீரில் நின்று முள்ளை மிதித்து இறக்கினார். அவர் உடம்பெல்லாம் முள் கிழித்திருந்தது.

உச்சி வெயிலுக்குள் வரிசை நின்றது. மடைவாயைக் கடைசியாக ஒருமுறை அள்ளினோம். காத்திருந்தோம். மணல் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியது. முட்டுப் பகுதிக்கு முன்னால் அலையின் வேகத்தைக் குறைக்க முள்ளுக்கட்டுகளைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டோம். பொழுது இறங்குவதற்குள் நீர்மட்டம் நான்கு விரல் இறங்கியிருந்தது. அலை கரையை விட்டு, அது முன்பு அறுத்த மேடையின்மேல் உடைய ஆரம்பித்தது. கரை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கண்மாய் பார்த்தேன், அந்த நாலு விரலுக்கு நிகரான சந்தோசம் வந்ததில்லை.

மறுநாள் வைத்திலிங்கம் சார் வந்தார். முள்வரிசையை ஒட்டித் தண்ணீருக்குள் கால்வாசி தூரம் இறங்கிப் பார்த்தார். "நல்ல வேலை, முத்தையா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அப்போதுதான். கூடவே, நொச்சி எப்படிப் போயிற்று என்று கேட்டார்.

விசாரிக்கிறேன் சார் என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம். அவர் எப்போதும் போலப் பதிலுக்காக நின்றார். நான் குச்சி நோட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்குச் சொல்லலாம், தனியாக இருக்கும்போது சொல்லலாம், அவரே மறந்துவிட்டால் நல்லது என்று நாள் ஓடியது. போடி டீக்கடையில் என்னை ஒரு பெரிய ஆளாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் கரையில் வைத்து விசாரணை. அரசமரத்து நிழலில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது: பெருமாளை எடுத்துவிட்டு வேறு ஆளை நீர்பாய்ச்சியாக வைப்பது. குருசாமி அதைச் சொல்லிவிட்டு, துறைக் காகிதத்திலும் அப்படியே எழுதிக்கொண்டால் நல்லது என்றார். வைத்திலிங்கம் சார் பேனாவைத் திறந்து, கரையோரத் தாவரங்கள் நீர்பாய்ச்சியால் அகற்றப்பட்டதால் என்று எழுதிக்கொண்டே வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டுப் பெருமாளைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார் பெருமாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

அவர் பார்த்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். பார்க்காததுதான் தாங்கவில்லை. எழுந்தேன். வெட்டியது நான், அவர் தடுத்தார், தள்ளிவிட்டு வெட்டினேன், நாணலை அவர் தலையில் கட்டியதும் நான்தான் என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

வைத்திலிங்கம் சார் எழுதிய வரியை அடித்தார். தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்திப் பேனாவை நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க. யார் சொல்லி வெட்டுனீங்கன்னும் எழுதுங்க."

சுத்தமாக வையுங்கள் என்று சொன்னவர் அவர். அதை எழுத எனக்கு இடம் கொடுக்கிறார் என்று புரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானே வெட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தது. வருடச் சம்பள உயர்வு நின்றது. அதைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. பெருமாள் நீர்பாய்ச்சியாகவே இருந்தார்.

புரட்டாசியில் தண்ணீர் இறங்கியதும், லீவு நாளில் ஒரு கட்டு நொச்சிக் குச்சியோடு கரைக்குப் போனேன். பெருமாள் ஏற்கெனவே நட்டுக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து நட ஆரம்பித்தேன். நான் நட்டதில் சிலதைப் பிடுங்கிச் சாய்வை மாற்றி மறுபடி நட்டார். முட்டுப் பகுதி முடிகிற வரை நட்டோம். அதற்குமேல் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"பெருமாள்ணே, நான்தான் கடைசியில சொல்லிட்டேன்ல?"

அவர் கைமண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொன்னீங்க சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பதினோரு நாளு எம் பொஞ்சாதி, பொம்பளைக யாரும் வாரதுக்கு முன்னயே, விடியாமப் போயி கெணத்துல தண்ணி எடுத்துட்டு வந்தா."

சொல்லிவிட்டு அடுத்த குச்சிக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.